வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்

ஏழாம் வகுப்பில் என் ஜாமெட்ரி பாக்ஸை ஒருத்தன் ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தான். சார் எங்கள் இரண்டு பேரையும் முன்னால் கூப்பிட்டு, "கை குடுத்துக்கோங்கடா, ஃப்ரெண்ட்ஸ் ஆயிடுங்க" என்றார். கொடுத்தோம். கொடுக்கும்போதே என் விரலை நெரித்தான். காம்பஸ் கடைசிவரை கிடைக்கவில்லை, அதற்கு வீட்டில் திட்டு வாங்கியதும் நான்தான். விசாரணை, தீர்ப்பு, சமாதானம் எல்லாம் சேர்த்து அரை நிமிஷம்.

ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ் பற்றிப் பேச்செடுத்தால் நம்மூரில் யாராவது ஒருவர் "இதைத்தானே நம்ம வாத்தியாருங்க அப்பவே செஞ்சாங்க" என்பார். அந்த அரை நிமிஷத்தைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். இரண்டும் ஒன்றில்லை.

சீரமைப்பு நீதி என்றே எழுதுகிறேன். தப்பு செய்தவனுக்கு என்ன தண்டனை என்று தொடங்காமல், யாருக்கு என்ன சேதம், அதை யார் எப்படிச் சரிசெய்வது என்று தொடங்குவதுதான் இதன் அடிப்படை. பள்ளிக்குள் இது வந்த கதையில் பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. 1994-ல் ஒரு பள்ளியின் நடன நிகழ்ச்சியை ஒட்டி நடந்த தாக்குதலுக்குப் பிறகு, மார்கரெட் தோர்ஸ்போர்ன் என்ற மாணவர் ஆலோசகர் இரு தரப்பையும் குடும்பத்தோடு உட்கார வைத்துப் பேசினார். வட்டமாக உட்கார்வதுதான் எல்லோருக்கும் நினைவில் நிற்கிறது. ஆனால் உட்கார்வதற்கு முன்னால் நடக்கும் வேலைதான் பெரிது. நடத்துபவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். செய்தவன் "ஆமா, நான்தான்" என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அடிபட்ட பிள்ளை தன் இஷ்டத்தில் வர வேண்டும், "வரல" என்றால் விட்டுவிட வேண்டும். முடிந்த பிறகு, ஒப்புக்கொண்டதைச் செய்தானா என்று வாரக்கணக்கில் பார்க்கவும் ஆள் வேண்டும்.

இதனால் லாபம் இருக்கிறதா? இருக்கிறது. சஸ்பெண்ட் செய்வதால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பையன் ஐந்து நாள் வீட்டிலோ தெருவிலோ இருப்பான், ஐந்து நாள் பாடம் போகும், அதே கோபத்தோடு திரும்பி வருவான். அடிபட்டவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் இதற்கு மேல் நிறமும் சேர்ந்துகொள்கிறது. கறுப்பினப் பிள்ளைகள் தங்கள் எண்ணிக்கைக்கு மீறிய அளவில் சஸ்பெண்ட் ஆகிறார்கள் என்று அரசின் கணக்கே சொல்கிறது. 2014-ல் ஒபாமா அரசு இதைக் கவனிக்கச் சொல்லிப் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. டிரம்ப் அரசு 2018 டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றது.

அதே டிசம்பரில்தான் ராண்ட் நிறுவனத்தின் பிட்ஸ்பர்க் ஆய்வு வெளிவந்தது. அந்த நகரத்தின் 44 அரசுப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 22 பள்ளிகளில் மட்டும் இரண்டு கல்வியாண்டு இந்த முறையை நடத்திப் பார்த்தார்கள். இந்தத் துறையில் இவ்வளவு ஒழுங்காகச் செய்த ஆய்வுகள் குறைவு. அதனாலேயே இரண்டு கட்சியும் அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டன. சஸ்பென்ஷனால் இழந்த நாட்கள் குறைந்தன, கறுப்பின மாணவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் சஸ்பெண்ட் ஆவது குறைந்தது என்றார்கள் ஆதரவாளர்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை படிப்பு சரிந்தது என்றார்கள் எதிர்ப்பாளர்கள். இரண்டுமே அறிக்கையில் இருக்கிறது. அந்த நடு வகுப்புகளில் சஸ்பென்ஷன்கூடக் குறையவில்லை என்பதும், வன்முறை, ஆயுதம் தொடர்பான சஸ்பென்ஷன்களில் மாற்றமில்லை என்பதும் இருக்கிறது.

ஆனால் என்னை நிறுத்திய வரி வேறு. இந்தப் பள்ளிகளின் ஆசிரியர்கள், பள்ளிச் சூழல் மேம்பட்டதாகச் சொன்னார்கள். அதே பள்ளிகளின் மாணவர்கள், தங்கள் ஆசிரியர் வகுப்பைக் கட்டுக்குள் வைத்திருப்பது பற்றிக் கேட்டபோது, மற்றப் பள்ளி மாணவர்களைவிடக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

இதை ஏன் யாரும் பெரிதாகப் பேசவில்லை? சண்டை முழுக்க இரண்டே பிள்ளைகளைப் பற்றியது. அடித்தவன், அடிபட்டவன். மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. யாரையும் அடிக்காமல், யாரிடமும் அடிபடாமல், கணக்குப் பாடம் எப்போது தொடங்கும் என்று உட்கார்ந்திருக்கும் முப்பது பேர். ஆசிரியர் ஒரு சச்சரவைப் பொறுமையாகப் பேசித் தீர்க்கும் இருபது நிமிஷமும் அவர்கள் பாடவேளையிலிருந்துதான் போகிறது. படிப்புச் சரிவுக்கு இதுதான் காரணம் என்று அறிக்கை நிரூபிக்கவில்லை, நானும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் நேரமில்லை என்பதே பிட்ஸ்பர்க் ஆசிரியர்களின் பெரிய புகார். தனியாக ஆள் போடாமல், பாடம் நடத்துபவர் தலையிலேயே இதையும் கட்டினால் இந்தக் கணக்கு எப்படி நேராகும்?

மெய்ன் மாநிலத்தில் நடுநிலைப் பள்ளிகளில் நடந்த இன்னொரு ஆய்வும் (2019) இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. இரண்டு வருஷம் கழித்து, பயிற்சி கொடுத்த பள்ளிக்கும் கொடுக்காத பள்ளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் "எங்க டீச்சர் இப்படித்தான் நடந்துக்கிறாங்க" என்று சொன்ன பிள்ளைகளுக்குப் பள்ளியோடு ஒட்டுதல் அதிகம், இணையவழிச் சீண்டல் குறைவு. ஆதரவாளர்கள் இந்த இரண்டாவது பாதியைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. டீச்சரைப் பிடித்துப்போன பிள்ளை எல்லாக் கேள்விக்கும் நல்ல பதிலாகத்தானே டிக் அடிக்கும்?

இங்கிலாந்தின் 40 பள்ளிகளில் மூன்று வருஷம் நடந்த ஆய்வு (லான்செட், 2018) கொஞ்சம் தெம்பு தருகிறது. சீண்டலுக்கு ஆளாவது சிறிதளவு குறைந்தது, பிள்ளைகளின் மனநலம் மேம்பட்டது. ஆனால் அங்கே மாணவரும் ஆசிரியரும் சேர்ந்த குழு, தனிப் பாடத்திட்டம் என்று வேறு சங்கதிகளும் கலந்திருந்தன. எது வேலை செய்தது என்று பிரித்தெடுப்பது கஷ்டம்.

இதையெல்லாம் நான் படிக்கக் காரணம் நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் பிளஸ் டூ படித்த தலித் மாணவன் ஒருவனை, அவன் பள்ளியில் படித்த ஆதிக்கச் சாதிப் பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. தன்னைச் சீண்டியவர்களைப் பற்றிப் பள்ளியில் புகார் சொன்ன பிறகு நடந்தது அது. பிறகு நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கைக்கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் பரிந்துரைகள். அப்போது ஒரு நண்பர் கேட்டார், "முன்னாடியே அந்தப் பசங்களக் கூப்பிட்டு வட்டமா உக்காரவெச்சுப் பேசியிருந்தா?"

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது கொஞ்சம் தெரிகிறது. வட்டத்தில் உட்கார்ந்தால் எல்லா நாற்காலியும் ஒரே உயரம். எழுந்து வீட்டுக்குப் போகும் தெரு அப்படி இல்லை. வாயைத் திறந்து சொன்னதற்கே அரிவாள் வரும் ஊரில், "உனக்கு எப்படி இருந்துச்சு, அவன் முன்னாடியே சொல்லு" என்று ஒரு பிள்ளையிடம் கேட்பது அவனை இன்னொரு முறை மாட்டிவிடுவது. "வரல" என்று சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு என்று விதிப்புத்தகம் சொல்லும். ஹெட்மாஸ்டரும் ஊர்ப் பெரியவர்களும் எதிரில் நிற்கும்போது எந்தப் பிள்ளை அப்படிச் சொல்லும்? "சமாதானமாப் போ" என்பது நம் ஊரில் யாரிடம் சொல்லப்படும் வார்த்தை என்று நமக்குத் தெரியாதா என்ன?

அதற்காக வேண்டவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. சரிசமமான இரண்டு பையன்களின் ஜாமெட்ரி பாக்ஸ் சண்டைக்கு இது அருமையான வழி. அந்த சார் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிஷம் பேசியிருந்தால், அவன் அப்பா அந்த வாரம் வேலையை விட்டு நின்றதும், புது பாக்ஸோடு வந்த என்னைப் பார்க்க அவனுக்குப் பொறுக்காததும் அப்போதே தெரிந்திருக்கும். எனக்கு அது தெரிந்தது பத்து வருஷம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில், அவனே சொல்லி.