‘படும்’ என்று முடியும் வாக்கியங்கள்: நிதி விண்ணப்பம் என்ற உரைநடை பற்றி

கவிதையை விமர்சிக்கிறோம், சிறுகதையை விமர்சிக்கிறோம், சில வேளை குத்பாப் பிரசங்கத்தையும் விமர்சிக்கிறோம். ஆனால் எங்கட சமூகத்தில் ஏராளமாக எழுதப்படும் ஓர் உரைநடை வகையை யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. அதுதான் செயற்றிட்ட முன்மொழிவு. தர்ம நிதியங்களிடம் பணம் கேட்டு எழுதும் விண்ணப்பம். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் அது எவ்வளவு பெருகியது என்பதை அந்தப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு விண்ணப்பத்துக்கு வாசகர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஆயினும் எந்த ஊரில் என்ன வேலை நடக்கும், யாருக்குச் சம்பளம் கிடைக்கும், எந்த மாதத்தில் அது நின்றுபோகும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த எழுத்துத்தான். அப்படியான எழுத்துக்கு விமர்சனம் வேண்டாமா?

இங்கே நான் எடுத்துக்கொள்வது அதில் ஒரு கிளையை மட்டும். நிவாரணத்துக்கான விண்ணப்பம் வேறு, சமூக முறைமையை மாற்றுவதற்கான விண்ணப்பம் வேறு. வெள்ளம் வந்தால் உலர் உணவு கொடுக்கிறோம். வெள்ளம் வடிந்தால் வேலை முடிகிறது. 300 பொதி கேட்டோம், 300 பொதி கொடுத்தோம் என்று அறிக்கை எழுதலாம். சட்டத்தை மாற்றுவது, வழமையை மாற்றுவது, ஒரு மன்றத்தின் நடைமுறையை மாற்றுவது அப்படி முடிகிற காரியமல்ல. 2022இல் காலிமுகத்திடலில் ‘சிஸ்டம் சேஞ்ச்’ என்ற சொல் மூன்று மொழிக்காரரின் வாயிலும் வந்தது. சொல் வேகமாக வந்துவிட்டது. வேலை அந்த வேகத்தில் வராது. ஆனால் இரண்டு வேலைக்கும் ஒரே மாதிரியான படிவத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். எனது பிரதான குறை இதுதான்.

ஒரு சட்டத்தின் வயது

எங்களுக்கு நன்கு தெரிந்த உதாரணத்தையே பார்ப்போம். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். நாட்டின் பொதுவான திருமண வயது 1995இல் 18 ஆனபோதும் இந்தச் சட்டம் அதற்கு வெளியிலேயே நின்றது. 12 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையின் திருமணத்தைக்கூட காதியின் அனுமதியோடு பதியலாம் என்று அதில் இருந்தது. பதிவேட்டில் மாப்பிள்ளை ஒப்பமிடுவார், வலீ ஒப்பமிடுவார். மணப்பெண்ணின் ஒப்பத்துக்கு இடமில்லை. காதியாக ஆண்தான் வரலாம். காதியின் முன் சட்டத்தரணி தோன்ற முடியாது. இதற்கெல்லாம் மேலாக, அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் பழைய சட்டங்கள் செல்லும் என்று காவல் நிற்கிறது.

இதைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு நேற்று வந்ததல்ல. முஸ்லிம் பெண்கள் ஆராய்ச்சி செயல் முன்னணி 1986இல் தொடங்கியது. 2009இல் அன்றைய நீதி அமைச்சர் மிலிந்த மொரகொட, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு ஒன்றை நியமித்தார். அந்தக் குழு தன் அறிக்கையைக் கையளித்தது 2018 ஜனவரியில். அப்போதும் குழு இரண்டாகப் பிரிந்தே நின்றது. 2021இல் அமைச்சரவை சில தீர்மானங்களை எடுத்தது. அதற்குப் பிறகும் வாக்குவாதம் ஓயவில்லை.

எது திருத்தப்பட வேண்டும், எது கூடாது என்பதில் வாசகர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கும். அது இந்தக் கட்டுரையின் விடயமல்ல. காலத்தை மட்டும் கணக்குப் பாருங்கள். பெரும்பாலான நிதியங்கள் ஒரு வருஷத்துக்கோ மூன்று வருஷத்துக்கோ கொடுக்கின்றன. 2009இல் மூன்று வருஷ நிதி ஒன்று கிடைத்திருந்தால் 2012இல் முடிந்திருக்கும். இன்னொன்று 2015இல் முடிந்திருக்கும். மூன்றாவது 2018இல், அறிக்கை கையளிக்கப்படும் நேரத்தில், முடிந்திருக்கும். மூன்று விண்ணப்பம், மூன்று இறுதி அறிக்கை. ஒவ்வொன்றிலும் ‘எதிர்பார்த்த விளைவு: சட்டத் திருத்தம்’ என்ற கட்டத்துக்கு எதிரே என்ன எழுதுவது? எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று எழுதினால் நாலாவது நிதி வராது. எனவே எழுதுகிறவர் வேறு வழி தேடுவார்: சட்டத்தை விட்டுவிட்டுச் செயலமர்வுகளை எண்ணுவார்.

சொற்கள் செய்யும் வேலை

இங்கேதான் மொழி பற்றிய கேள்வி வருகிறது. முறைமை மாற்றத்துக்கான விண்ணப்பங்களின் தமிழைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதித் தமிழுக்கு வந்தவை. ‘விழிப்புணர்வுச் செயலமர்வுகள் நடத்தப்படும்’, ‘பெண்கள் வலுவூட்டப்படுவர்’, ‘பரிந்துரைகள் முன்வைக்கப்படும்’. எல்லாமே ‘படும்’ என்று முடியும். யார் நடத்துவது? யாரிடம் முன்வைப்பது? அவர் மறுத்தால் என்ன செய்வது? வாக்கியத்தில் ஆளே இல்லை. முறைமை என்பதே யாருடைய கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்ற விடயம்தான். அதிகாரத்தைப் பற்றிய எழுத்தில் அதிகாரம் உள்ளவரின் பெயர் மறைந்துவிட்டால் மிச்சம் என்ன?

‘வலுவூட்டல்’ என்ற சொல்லையும் எடுத்துக்கொள்வோம். பராமரிப்புச் செலவு கேட்டு மூன்று பிள்ளைகளோடு காதி நீதிமன்றத்துக்கு மாதக்கணக்கில் நடக்கும் ஒரு பெண்ணிடம் வலு இல்லையா? பஸ் காசைக் கடன் வாங்கிக்கொண்டு, காலையில் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு, ஆண்கள் நிறைந்த இடத்தில் போய் நின்று தன் கதையைத் தானே சொல்கிறாள். குறை அவளிடம் இல்லை. அவள் போய் நிற்கும் இடத்தின் ஒழுங்கில் இருக்கிறது. ‘பெண்களை வலுவூட்டுவோம்’ என்று எழுதும்போது குறையை அந்த இடத்திலிருந்து எடுத்து அவள் தலையில் வைத்துவிடுகிறோம். அதன் பின் பயிற்சி கொடுக்க வேண்டியது அவளுக்குத்தான், காதிக்கல்ல என்று ஆகிவிடுகிறது. பயிற்சியை எண்ணுவது சுலபம். வருகைப் பதிவேடு இருக்கிறது, படம் இருக்கிறது, பகல் சாப்பாட்டு பில் இருக்கிறது.

‘பயனாளி’ என்ற சொல்லும் இப்படித்தான். உலர் உணவுப் பொதி வாங்குபவர் பயனாளி. ஒரு சட்டம் திருந்த வேண்டும் என்று வழக்காடும் பெண் பயனாளியல்ல. அவள் அந்த வேலையின் பங்காளி. விண்ணப்பத்தில் அவளுக்கு ஓர் எண் மட்டுமே கிடைக்கிறது: ‘நேரடிப் பயனாளிகள் 250’.

கொடுப்பவர்கள் பக்கம்

எழுதுகிறவரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. படிவம் எதைக் கேட்கிறதோ அதைத்தான் அவர் எழுத முடியும். மாற்றம் எப்படி வரும் என்று கேட்கும் படிவமே அதை 12 மாதக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டச் சொல்கிறது. அலுவலக வாடகை, கணக்காளர் சம்பளம், வருஷக்கணக்கில் வழக்குகளைத் தொடரும் ஒரு ஆளின் சம்பளம் இவையெல்லாம் ‘நிர்வாகச் செலவு’ என்று ஒதுக்கப்படுகின்றன. செயலமர்வுக்குச் சல்லி உண்டு. அதற்கு முன்னும் பின்னும் கதவைத் திறந்து வைத்திருக்கும் ஆளுக்குச் சல்லி இல்லை.

இந்தப் பிழையைப் பெரிய நிதியங்கள் சிலவும் உணர்ந்திருக்கின்றன. ஃபோர்ட் மன்றம் 2016இல் ‘பில்ட்’ என்ற பெயரில் 100 கோடி டொலர் ஒதுக்கி, சமூக நீதிக்காக உழைக்கும் நிறுவனங்களுக்கு ஐந்து வருஷத்துக்கு, எதற்குச் செலவிடுவது என்பதைப் பெரும்பாலும் அவர்களிடமே விட்டுக் கொடுக்கத் தொடங்கியது. நிறுவனம் உறுதியாக நின்றால்தான் வேலை நிற்கும் என்பதே அதன் அடிப்படை. நல்ல மாற்றம்தான். ஆனால் அதில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும்: அது யாரும் போய் விண்ணப்பிக்கும் நிதியல்ல, மன்றம் தானே அழைத்துக் கொடுத்தது. நீண்டகாலப் பணம் ஏற்கெனவே அறிமுகமானவர்களிடம் போய்ச் சேர்கிறது. கொழும்பில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த நிறுவனத்துக்குக் கிட்டும் கதவு, மூதூரிலும் முசலியிலும் வேலை செய்யும் சிறு அமைப்புக்கு எங்கே கிட்டப்போகிறது?

எங்கட கைச்சல்லி எங்கே?

இனி எங்கள் பக்கம். காதி நீதிமன்றங்களின் நடைமுறை பற்றி ஒரு அமைப்பு பேசத் தொடங்கினால் முதலில் வரும் பேச்சு, ‘வெளிநாட்டுச் சல்லிக்கு ஆடுறாங்க’ என்பது. சரி, கேட்க வேண்டிய கேள்விதான். யாருடைய பணம், என்ன நிபந்தனை என்று கேட்பது பிழையல்ல. ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: உள்ளூர்ச் சல்லி எங்கே போனது?

எங்கட சமூகம் கஞ்சத்தனமான சமூகமல்ல. நோன்பு மாதத்தில் ஸகாத், ஸதகா என்று கை நீள்கிறது. பள்ளிவாசலுக்கு இன்னொரு மாடி, மினாரா, குளிரூட்டி, வுழூச் செய்யும் இடத்துக்கு மாபிள் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார். கண்ணுக்குத் தெரிவதற்கு, கல்லில் பெயர் பொறிக்கக்கூடியதற்குக் கொடுக்கிறோம். ஒரு சட்டத்தின் பிரிவை ஆராயும் ஆளுக்குப் பத்து வருஷம் சம்பளம் கொடுப்பதற்கு ஆள் இல்லை.

இத்தனைக்கும் நீண்டகால நிதி என்ற எண்ணம் எங்களுக்குப் புதிதா? வக்பு என்றால் என்ன? அசலை நிறுத்தி வைத்து, அதன் வருமானத்தைத் தர்மத்துக்கு விடுவது. கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அப்படித்தான் ஒதுக்கினார்கள் என்பது மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். ஃபோர்ட் மன்றத்தின் ஐந்து வருஷம் வக்பு என்ற ஏற்பாட்டின் முன் மிகச் சின்னக் காலம்.

இந்த நாட்டிலும் முன்மாதிரி இருக்கிறது. சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியது 1882இல். ஸாஹிரா மருதானையில் உருவானது 1892இல். இடையில் பத்து வருஷம். ஆங்கிலக் கல்வி ஆகுமா ஆகாதா என்று சமூகம் தர்க்கித்த காலம் அது. அவர் எழுதினார், வாப்பிச்சி மரிக்கார் முன்னின்று கட்டினார். 1885இல் யாராவது ‘மூன்று வருஷத்தில் என்ன விளைவு?’ என்று ஒரு படிவத்தை நீட்டியிருந்தால் சித்திலெப்பை எத்தனை தலையங்கம் எழுதினேன் என்றுதான் எண்ணிக் காட்டியிருப்பார். ஏ.எம்.ஏ. அஸீஸ் 1945இல் முன்னின்று தொடக்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியும் ஒரு வருஷத்து மாணவர்களை மட்டும் பார்த்துத் தொடங்கியதல்ல.

வக்பு என்றதும் எழும் மறுப்பு எனக்குத் தெரியும். சில ஊர்களில் வக்புச் சொத்துக்கு நேர்ந்த கதி என்ன? கடை வாடகை இருபது வருஷமாக உயரவில்லை, கணக்கு யாரும் காட்டுவதில்லை. உண்மைதான். நிரந்தரமான பணம் சோம்பலையும் வளர்க்கும். வேலை முடிந்த பின்னும் வாழும் நிறுவனங்களை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆகவே நீண்டகாலம் என்பதற்குக் கேள்வி கேட்காத காலம் என்று பொருளாகக் கூடாது. வருஷா வருஷம் கேட்க வேண்டும். ஆனால் கேட்கும் கேள்வி மாற வேண்டும். ஸகாத் நிதியை இதற்குப் பயன்படுத்தலாமா என்பது உலமாக்களிடையே நீளும் விவாதம். அதற்குள் போகவே தேவையில்லை. ஸதகாவும் வக்பும் போதும்.

நல்ல விண்ணப்பம் எப்படி இருக்கும்

குறை சொல்லிவிட்டுப் போவது விமர்சனமாகாது. முறைமை மாற்றத்துக்கு நீண்டகால நிதி கேட்கும் விண்ணப்பம் ஒன்றில் நான் தேடுவது நாலு விடயம்.

ஒன்று, எந்த ஒழுங்கு, யாருடைய கையில்? ‘பாரம்பரிய மனப்பாங்குகள்’ என்று எழுதினால் போதாது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்தச் சுற்றறிக்கை, எந்த நம்பிக்கையாளர் சபையின் எந்த வழக்கம், அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்று சொல்ல வேண்டும். எழுவாய் உள்ள வாக்கியமாக இருக்க வேண்டும்.

இரண்டு, இதற்கு முன் யார் முயன்றார்கள், எங்கே தடைப்பட்டார்கள்? எந்த விண்ணப்பமும் தன்னை முதலாவது ஆளாகக் காட்டிக்கொள்கிறது. 1986 முதல் உழைத்தவர்களின் பெயரே இல்லாமல் விவாகச் சட்டம் பற்றி எழுதுவது வரலாற்றுக்கும் பொய், கொடுப்பவருக்கும் பொய்.

மூன்று, இடையில் எதைப் பார்த்து வேலை நகர்கிறது என்று அறிவது? சட்டம் மாறும் வரை ஒன்றுமே தெரியாது என்பதல்ல. முன்பு பேச மறுத்த மௌலவி ஒருவர் மேசைக்கு வருகிறாரா? ஒரு ஊரில் மணப்பெண்ணின் சம்மதத்தை எழுத்தில் வாங்கத் தொடங்கிவிட்டார்களா? பராமரிப்பு வழக்கு முடிய எடுக்கும் மாதம் குறைகிறதா? எதிர்ப்பு கூடினால் அதையும் எழுத வேண்டும். சில வேளை அதுவும் அசைவின் அடையாளம்தான்.

நாலு, பணம் நின்ற பின் எது நிற்கும்? பயிற்சி பெற்ற ஆட்களா, சேர்த்து வைத்த வழக்குப் பதிவுகளா, ஒரு வக்பா?

இந்த நாலையும் ஒரு பெரிய பள்ளிவாசலின் நம்பிக்கையாளர் சபை, அல்லது பைத்துஸ் ஸகாத்தை நடத்தும் ஒரு ஊர், தானே ஒரு படிவமாக அடித்துத் தமிழில் விடலாம். ஒரு கடைத் தொகுதியின் வாடகையைப் பத்து வருஷத்துக்கு ஒதுக்கி, ‘எங்கள் மஹல்லாவில் ஒரு அநியாயமான ஒழுங்கை மாற்ற யார் என்ன செய்யப்போகிறீர்கள், எழுதுங்கள்’ என்று கேட்கலாம். வரும் விண்ணப்பங்களில் பாதி பழைய பாஷையில்தான் இருக்கும். ஆனால் காதி நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்த பெண்களில் யாராவது ஒருத்தி, ஆங்கிலம் தெரிந்தவரைத் தேடாமல், தன் கையாலேயே ஒன்று எழுதி அனுப்புவாள். சபை முதலில் வாசிக்க வேண்டியது அதை.