பனி பெய்யாத நுவார்: மேக்ஸ் பெய்ன் பற்றி நான் மாற்றிக்கொண்ட ஒரு கருத்து

மேக்ஸ் பெய்ன் விளையாடிய யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் வரும். முதல் பாகம் கிளாசிக். இரண்டாம் பாகம் சின்னது, ஆனால் அதைவிட ஒரு படி மேல். மூன்றாம் பாகம், "நல்ல கேம்தான், ஆனா மேக்ஸ் பெய்ன் இல்ல." கடைசி வாக்கியத்தை நானும் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சமீபத்தில் மூன்றையும் வரிசையாக, வசனம் ஒன்று விடாமல் கேட்டு விளையாடி முடித்தேன். எழுதி வைத்திருந்த குறிப்புகளைத் திரும்பப் படித்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். மேக்ஸ் பெய்ன் நியூயார்க் போலீஸ்காரன். மனைவியையும் கைக்குழந்தையையும் கொலைக்குப் பறிகொடுத்தவன். பின்லாந்தைச் சேர்ந்த ரெமெடி நிறுவனம் 2001-இல் முதல் பாகத்தையும் 2003-இல் இரண்டாம் பாகத்தையும் செய்தது. இரண்டுக்கும் கதை சாம் லேக். முதல் பாகத்தில் மேக்ஸின் முகமே அவருடைய முகம்தான். பிறகு உரிமை கைமாறி, 2012-இல் மூன்றாம் பாகத்தை ராக்ஸ்டாரே செய்தது. நேரத்தை மெதுவாக்கிச் சுடும் 'புல்லட் டைம்' மூன்றிலும் உண்டு. அதைவிட முக்கியம், மூன்றிலும் மேக்ஸ் ஓயாமல் தனக்குள் பேசிக்கொண்டே இருப்பான். அந்தக் குரல் ஜேம்ஸ் மெக்காஃப்ரியுடையது.

இப்போது 2004 பொங்கல் விடுமுறைக்கு வாருங்கள். காரைக்காலில் எங்கள் வீட்டு முன் அறை. பிஈ படிப்புக்கு என்று சொல்லி அப்பாவிடம் வாங்கிய கம்ப்யூட்டர், ரிச்சி தெருவில் வாங்கிச் செருகிய ஜீஃபோர்ஸ் எம்எக்ஸ் 440 கார்டு. சென்னையில் ஒரு நடைபாதைக் கடையில் வாங்கிய மேக்ஸ் பெய்ன் 2 சிடி ஒன்று. ஒரே ஒரு சிடி. அதில் எழுநூறு எம்பிக்கு மேல் கொள்ளாது. இந்த கேமோ அதைப்போல இரண்டு மடங்கு. எப்படி அடைத்தார்கள்? வசனக் குரலை எடுத்துவிட்டார்கள். 'ரிப்' என்று சொல்வோமே, அது. படக்கதைப் பக்கங்கள் ஊமையாக வரும். பெட்டிக்குள் ஆங்கிலம் நிறைய இருக்கும். இரண்டு பக்கம் படித்துப் பார்த்தோம். அப்புறம் எஸ்கேப் கீதான்.

ஆக, நானும் என் நண்பனும் (கிளிஞ்சல்மேட்டிலிருந்து சைக்கிளில் வருவான்) இரண்டாம் பாகத்தை நாலு நாளில் முடித்தோம். எங்களுக்கு அது என்னவாக இருந்தது? சுட்டால் ஆள் அட்டைப்பெட்டி அடுக்கோடு சேர்ந்து சரிவான். ஹாவோக் என்ற இயற்பியல் மென்பொருளின் வேலை அது. முதல் பாகத்தில் இது கிடையாது. ஒரு கிடங்கில் பெட்டிகளை வீழ்த்திக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மோனா சாக்ஸ் யார், விளாடிமிர் லெம் ஏன் துரோகம் செய்தான், எதுவும் தெரியாது. ஆனாலும் "இரண்டாம் பாகம்தான் மாஸ்டர்பீஸ்" என்று அன்றே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

விளையாடியவர்களின் கருத்து என்று நாம் எடுத்து வைப்பதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அன்று என்னோடு படித்த நாலு பேரிடம் இப்போது கேட்டுப் பார்த்தேன், இரண்டாம் பாகத்தின் முடிவு என்ன என்று. நாலு பேருக்கும் அது மிகப் பிடித்த கேம். மோனா சாகிறாள் என்று ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. மிகக் கடினமான நிலையில் முடித்தால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்பது அவனுக்கும் தெரியாது.

அதற்காக அந்தப் புகழ் பொய் என்று சொல்லவில்லை. முழுசாகக் கேட்டு விளையாடியபோது இரண்டாம் பாகம் நான் நினைத்ததைவிடப் பெரிய படைப்பாக இருந்தது. அட்டையிலேயே 'ஃபிலிம் நுவார் காதல் கதை' என்று போட்டுக்கொண்ட கேம் அது. ஆஸ்பத்திரியில் கண் விழிக்கும் மேக்ஸ் பின்னோக்கி நினைத்துப் பார்ப்பதாகக் கதை போகிறது. வழியில் சுவரோரம் ஓடும் தொலைக்காட்சிப் பெட்டிகளில் 'அட்ரஸ் அன்னோன்' என்று ஒரு தொடர் வரும். நாங்கள் அந்தப் பெட்டிகளையும் சுட்டுத் தள்ளினோம். மேக்ஸுக்கு நடப்பதன் கோணலான நிழல் அந்தத் தொடர். மோனா ஒளிந்து வாழும் இடமே அந்தத் தொடரை வைத்துக் கட்டி, பிறகு கைவிட்ட ஒரு கேளிக்கை வீடு. பெட்டியை உடைக்காமல் நின்று பார்த்தவனுக்குத்தான் அந்த வீட்டுக்குள் நுழையும்போது முதுகு சில்லிடும்.

இரண்டாம் பகுதிக்கு 'எ பைனரி சாய்ஸ்' என்று பெயர். எங்கள் தொழிலில் அன்றாடம் புழங்கும் சொல் என்பதால் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தேன். கட்டுமான இடத்தில் மேக்ஸின் போலீஸ் கூட்டாளி வின்டர்சன், மோனாவின் மேல் துப்பாக்கியை நீட்டி நிற்கிறாள். ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தி போகவேண்டும். மேக்ஸ் கூட்டாளியைச் சுடுகிறான். பூஜ்யமா ஒன்றா, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தேர்வு நம்முடையது இல்லை. கேம் முழுக்க நூற்றுக்கணக்கான பேரை நம் விரலால் சுட வைத்துவிட்டு, கதையைத் திருப்பும் அந்த ஒரு குண்டை மட்டும் நம் கையில் தராமல் காட்சியாக ஓட்டிவிடுகிறார்கள். இதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

சரி, மூன்றாம் பாகம். அதன் மேல் உள்ள குற்றப்பத்திரிகையில் முதல் வரி: பனி எங்கே? முதல் இரண்டும் நியூயார்க் இரவில் நடப்பவை. ஒன்றில் பனிப்புயல், இன்னொன்றில் மழை. மூன்றாம் பாகம் பிரேசிலின் சாவ் பாவ்லோ. பணக்காரக் குடும்பம் ஒன்றுக்கு மெய்க்காவலனாக வேலை பார்க்கிறான் மேக்ஸ். உச்சி வெயிலில் குடிசைப் பகுதியில் பூப்போட்ட சட்டையும் மழித்த தலையுமாக வியர்க்க வியர்க்க நடக்கிறான். "வெயிலில் என்னய்யா நுவார்?" என்று 2012-இல் நான் கேட்டேன். பனியைக் கண்ணால் பார்த்திராத, சித்திரை மாதம் திருநள்ளாறு சாலையில் தார் இளகி செருப்பில் ஒட்டும் ஊரில் பிறந்தவன், பனி இல்லை என்று கோபப்பட்டிருக்கிறேன்! அடுத்தவன் ஊர் இருட்டைத்தான் இருட்டு என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன் போல.

நுவார் என்பது பிரெஞ்சுச் சொல். அமெரிக்கக் குற்றப் படங்களைப் பார்த்து 1946-இல் நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் பாரிஸில் அதைப் பயன்படுத்தினார். காரைக்காலில் அந்தச் சொல்லுக்கு நாங்கள் அகராதி தேட வேண்டியதில்லை. எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய தாத்தா ஒருவர் இருந்தார். கேட்டதற்கு, "நுவார்னா கறுப்பு. கஃபே நுவார்னா கடுங்காப்பி. இதுக்கு ஏன் இவ்வளவு விசாரணை?" என்றார். ஆனால் கறுப்பு வானிலையில் இருக்கவேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. 1954-இல் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' படத்தில் பனி ஏது? சென்னைதான். நாயகன் என்று நாம் நம்பியவன் குற்றவாளியாக நிற்கிறான், பக்கத்தில் இருந்தவளுக்கு அந்த உண்மை தாங்க முடியாததாகிறது. எனக்குப் புரிந்தவரை நுவார் அங்கேதான் இருக்கிறது. எல்லாம் கைமீறிப் போன பிறகு, தான் செய்ததைத் தானே சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவனிடம். அந்த அளவுகோலில் மூன்றாம் பாகம் மூன்றிலும் கறுப்பானது.

இரண்டாவது புகார்தான் எனக்கு மிக சுவாரசியமானது. சாவ் பாவ்லோவில் எல்லோரும் போர்த்துகீசிய மொழி பேசுகிறார்கள். அதற்கு ஆங்கிலத்தில் அடிவரி கிடையாது. வேண்டுமென்றே செய்தது. மேக்ஸுக்கு அந்த மொழி தெரியாது, அதனால் நமக்கும் தெரியக்கூடாது. ஆங்கிலத்தில் விளையாடிப் பழகிய பலருக்கு இது எரிச்சல். யார் என்ன சொல்கிறான் என்று தெரியாமல் எப்படி விளையாடுவது என்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் வேறு எப்படி விளையாடினோம்? எங்கள் தலைமுறையில் சிறு ஊர்ப் பையன்கள் எல்லா கேமையும் இப்படித்தான் விளையாடினோம். எவன் கத்துகிறான், எந்தத் தொனியில் கத்துகிறான், எந்தக் கதவு திறக்கிறது, அதை வைத்துக் கதையை ஊகித்துக்கொண்டோம். மேக்ஸ் குடிசைப் பகுதிக்குள் நடக்கும்போது சுற்றி நிற்பவர்கள் அவனைக் கேலி செய்கிறார்களா, எச்சரிக்கிறார்களா என்று அவனுக்குப் புரியாது. அந்த நிமிஷத்தில் அவன் 2004-இல் எங்கள் முன் அறையில் உட்கார்ந்திருந்த என்னைப் போல இருந்தான். ஒரு பெரிய அமெரிக்க கேம் மொழி தெரியாதவனின் இடத்தில் தன் சொந்த வாடிக்கையாளரை உட்கார வைத்தது இதில்தான். அதை முதலில் கைதட்டி வரவேற்றிருக்க வேண்டியவர்கள் நாங்கள். நான் அதையும் குறை என்றுதான் எழுதி வைத்திருந்தேன், யாரோ சொன்னதைப் படித்துவிட்டு.

மூன்றாவது புகார் நியாயமானது. நாலடி நடந்தால் ஒரு காட்சி வரும். பல காட்சிகளைத் தள்ளிவிட முடியாது, பின்னால் அடுத்த இடம் லோட் ஆகிக்கொண்டிருக்கும். பெரிய துப்பாக்கியோடு காட்சிக்குள் போனால் வெளியே வரும்போது கையில் கைத்துப்பாக்கி. எத்தனை முறை இதனால் செத்தேன் என்று கணக்கில்லை. ஒரு இன்ஜினியராக அந்தத் தந்திரத்தை மதிக்கிறேன், விளையாடுபவனாகத் திட்டுகிறேன். ஆனால் "பழைய பாகங்களில் கட்டுப்பாடு நம் கையில் இருந்தது" என்று சொல்பவர்கள், மேலே குறித்து வைக்கச் சொன்ன அந்த ஒரு குண்டை நினைத்துப் பார்க்கவேண்டும். ரெமெடியும் பறித்தது. மிக முக்கியமான இடத்தில், ஒரே ஒரு முறை பறித்தது. ராக்ஸ்டார் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பறித்ததால் அது உறுத்துகிறது. மோனாவைப் பற்றி மூன்றாம் பாகம் வாயே திறக்காமல் போவதையும் மன்னிக்கத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய காதல் கதையைச் சும்மா விட்டுவிட்டார்கள்.

கடைசிப் புகார்: மேக்ஸ் புலம்புகிறான். குடிக்கிறான், வலி மாத்திரை விழுங்குகிறான், தன்னையே கேவலப்படுத்திக்கொள்கிறான், மறுபடி குடிக்கிறான். இத்தனை வருஷம் ஆகியும் அதே சோகமா, போர் அடிக்கிறது. இதை நான் 2012-இல் என் நண்பனிடம் போனில் சொன்னேன். அவன் அப்போது வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மூன்றாம் பாகம்தான் பிடித்திருந்தது. பெரிய வாக்குவாதம். கடைசியில் அவன், "உனக்கு போர் அடிக்கும்டா. உன் வீட்ல யாரும் போகலையே" என்றான்.

முன் அறையில் நாங்கள் அட்டைப்பெட்டிகளை வீழ்த்திய அதே வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி கிளிஞ்சல்மேட்டுக்குள் கடல் வந்தது. அவனுடைய தங்கை போய்விட்டாள். அது எனக்குத் தெரியாதது இல்லை. அந்த வாரம் அவனோடுதான் இருந்தேன். ஆனால் எட்டு வருஷம் கழித்து ஒரு கேமைப் பற்றிப் பேசும்போது அதை இதோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவன் மேக்ஸைப் பார்த்து நாயகன் என்றோ நுவார் என்றோ எதுவும் சொல்லவில்லை. இவன் சரியாக நடந்துகொள்கிறான் என்று மட்டும் சொன்னான். வருஷம் போனால் சரியாகிவிடும் என்று எழுதாமல் விட்டிருக்கிறார்கள், அது போதும் என்றான்.

இந்த முறை விளையாடும்போது அந்தப் புலம்பலைக் குரலாகக் கேட்டேன். மெக்காஃப்ரி முதல் பாகத்துக்குப் பேசும்போது நாற்பதைத் தாண்டியவர், மூன்றாம் பாகத்தில் ஐம்பதைத் தாண்டிவிட்டார். குரல் அப்படியே தேய்ந்திருக்கிறது. மூன்றையும் வரிசையாகக் கேட்டால் நடிப்பு எது, வயது எது என்று பிரிக்க முடியாது. 2023 டிசம்பரில் அவர் இறந்துபோனார். முதல் இரண்டு பாகங்களையும் ரெமெடியே புதிதாகச் செய்யப்போவதாக 2022-இல் அறிவித்திருக்கிறார்கள். அதில் யார் குரல் வரப்போகிறது என்பதுதான் ரசிகர்களின் இப்போதைய கவலை. குரலே இல்லாத சிடியில் அந்தக் கேமைக் காதலித்த எனக்கு அந்தக் கவலையில் பங்கு கேட்கும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை.

போன மாங்கனித் திருவிழாவுக்கு நண்பன் ஊருக்கு வந்திருந்தான். என் லேப்டாப்பில் மூன்றாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது, நியூ ஜெர்சி கல்லறைத் தோட்டம் வரும் அத்தியாயம். மனைவியும் மகளும் புதைக்கப்பட்ட இடத்துக்கு மேக்ஸ் போவான். மூன்றாம் பாகத்திலும் பனி இருக்கிறது என்பது பலருக்கு மறந்தே போயிருக்கும், அது இந்தப் பழைய நினைவுகளில்தான் பெய்கிறது. "பாருடா, உன் பனி" என்று சிரித்தான். கன்ட்ரோலரை நீட்டினேன். "இந்த லெவல நீயே ஆடு, நான் டீ போட்டுட்டு வரேன்" என்று எழுந்து போனான். டீ வர ரொம்ப நேரம் ஆனது.