"இப்ப என்ர முழங்கை வரும் பாரு"

'தேவர் மகன்' படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கு இல்லை. முதல் தடவை பார்த்தது மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. மாமாவோடு உட்கார்ந்து பார்த்த அந்த ஒரு தடவை மட்டும் காட்சி காட்சியாக அப்படியே மனதில் நிற்கிறது.

1992 தீபாவளிக்கு வந்த படம். பொள்ளாச்சிப் பக்கம் படப்பிடிப்பு நடந்தபோது மாமா கூட்டத்தில் ஒருவராக நின்றவர். சில வருடம் கழித்து டிவியில் அந்தப் படம் ஓடியபோது, வீட்டில் எல்லோரும் கதைக்குள் இருந்தோம். மாமா மட்டும் அதன் ஓரத்தில் இருந்தார். "கண்ணு, இப்ப ஒரு கூட்டம் வரும். மூணாவது வரிசை. அந்த வெள்ளத்துண்டுக்காரருக்குப் பின்னால. இப்ப என்ர முழங்கை வரும் பாரு!" வந்தது. கண் இமைப்பதற்குள் போயும்விட்டது. அதற்கு எத்தனை நாள் நின்றார், வெயில் சாயட்டும் என்று எப்படிக் காத்திருந்தார்கள், மதியம் இலையில் என்ன விழுந்தது, சிவாஜியையும் கமலையும் ஒரே இடத்தில் பார்க்க எந்தெந்த ஊரிலிருந்து சனம் வண்டி கட்டி வந்தது என்று படம் முடியும்வரை மாமா நிறுத்தவே இல்லை. அம்மிச்சிகூட, "உடுறா, வசனம் கேக்கோணும்" என்று அதட்டிப் பார்த்தார். எனக்கோ அன்றுதான் ஒரு படத்துக்குள் இரண்டு படம் ஓடுகிறது என்பது புரிந்தது.

இதற்கென்றே ஒரு கலை உலகத்தில் இருக்கிறது என்று தெரியவந்தது காந்திபுரத்தில் பழைய டிவிடி ஒன்றை வாங்கிய பிறகு. 'தி காட்ஃபாதர்'. ரிமோட்டில் ஆடியோ பொத்தானை ஏதோ தவறி அழுத்திவிட்டேன். வசனம் தணிந்து, அதன்மேல் ஒருவர் பேச ஆரம்பித்தார். இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா! தன் படத்தைத் தானே பார்த்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்த சிநேகிதனிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டே போகிறார். எந்த நேரம் தன்னை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்களோ என்ற பயத்திலேயே இந்தப் படத்தை எடுத்ததைச் சொல்கிறார். ஞானஸ்நானக் காட்சியில் இருக்கும் ஆண் குழந்தை உண்மையில் அவருடைய மகள் சோஃபியா. இது தெரிந்தபின் அந்தக் காட்சியை முன்போலப் பார்க்கவே முடியாது. திரையில் கொலைமேல் கொலை விழுகிறது. நடுவில் ஒரு அப்பா தன் கைக்குழந்தையைக் கேமரா முன்னால் வைத்துவிட்டு நிற்கிறார்! மூன்று மணி நேரத்தையும் அப்படியே கேட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து போட்டேன். விடிந்துவிட்டது.

படத்தின்மேல் இப்படிப் பேசிப் பதியும் வழக்கம் தொடங்கியது 1984-ல், 'கிங் காங்' படத்தின் லேசர் டிஸ்க்கில். அந்த வட்டில் ஒலிக்கு ஒரு தடம் மிச்சம் இருந்தது. ரொனால்டு ஹேவர் என்ற திரைப்பட ஆய்வாளர் அதில் பேசி நிரப்பினார். காலியாகக் கிடந்த ஒரு தடத்திலிருந்து இத்தனை பெரிய சந்தோஷம்!

ஆனால் படத்துக்குப் பக்கத்தில் ஒரு குரல் என்பது நமக்குப் புதிதே அல்ல. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம்காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1914-ல் நம் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்த ரோட்டுக்கு இன்றைக்கும் அந்தப் பெயர்தான். அந்த ஊமைப்பட நாட்களில் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, நடப்பதையெல்லாம் உரத்த குரலில் விளக்கிக்கொண்டே இருப்பார். ஜப்பானில் இவர்களுக்கு பென்ஷி என்று பெயர்; நடிகர்களுக்குச் சமமான புகழ். இயக்குநர் அகிரா குரோசாவாவின் அண்ணன் ஒரு பென்ஷி. படம் பேச ஆரம்பித்ததும் பக்கத்தில் நின்ற மனிதரின் வேலை போய்விட்டது. என் மாமா அந்த வேலையைச் சம்பளமில்லாமல் மறுபடி எடுத்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் படத்தைப் பார்த்ததைவிடக் கேட்டது அதிகம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ரேடியோவில் ஒலிச்சித்திரம். கோயில் நோம்பி என்றால் குழாய் ஸ்பீக்கரில் 'திருவிளையாடல்' கதைவசனம். 1984-ல் வந்த 'விதி' படத்தின் வசனக் கேசட் டீக்கடை டீக்கடையாக ஓடியது. அதில் நடிகை சுஜாதாவின் கோர்ட் வாதத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருந்தார்கள். 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் நடித்த தருமியை நான் முகம் பார்ப்பதற்கு முன்பே குரலாக அறிவேன். பின்னாளில் நாகேஷ் சொன்ன ஒரு விஷயத்தைப் படித்தேன். அன்றைக்கு சிவாஜி செட்டுக்கு வரத் தாமதமானதால், தருமி தனியாகப் புலம்பும் பகுதியை முதலில் எடுத்தார்களாம். அந்தப் புலம்பலை நாகேஷ் அங்கேயே தானாகக் கட்டினாராம். மயிலாப்பூர் குளக்கரையில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த ஒருவர் அவர் மனதில் இருந்தாராம். அதற்குப் பிறகு அந்தக் காட்சியைப் பாருங்கள்! அவர் வாய்க்குள் முனகும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு குளக்கரை தெரியும். 1965-ல் வந்த படம், எனக்கு இப்போதும் புதுப்படம்.

திரும்பப் பார்க்கிறவர்களைப் பலர் கேட்கிறார்கள், "தெரிந்த கதைதானே?" என்று. கதை தெரிந்த பிறகுதான் கண்ணுக்கு விடுதலை கிடைக்கிறது. 'அமைதிப்படை'யில் ஓட்டு எண்ணிக்கைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை சிரித்துக்கொண்டு போய்விட்டேன். இரண்டாவது தடவை சத்யராஜின் முதுகை மட்டும் பார்த்தேன். நாற்காலி நுனியில் பவ்யமாக ஒட்டிக்கொண்டிருந்தவர், முன்னிலை ஏற ஏற, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து நாற்காலியையே ஆள்கிறார். மூன்றாவது தடவை பக்கத்தில் இருக்கும் மணிவண்ணனின் முகத்தை மட்டும். அந்த முகத்தில் ஏறும் கலக்கத்தைக் கவனிக்காமல் இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்றிருந்தது. ஒருவர் உடம்பு உயர உயர இன்னொருவர் முகம் சுருங்குகிறது. இரண்டும் ஒரே ஷாட்டுக்குள் தராசுபோல நடக்கிறது. இரண்டு பேரும் நம் கோவைக்காரர்கள். குசும்பு ரத்தத்தில் இருக்கிறது.

அந்தக் காட்சிமேல் மணிவண்ணன் பேசியிருந்தால்! சூலூர்க்காரர், பேச்சிலேயே படம் காட்டக்கூடியவர். அவரே இயக்கி 1994-ல் வந்த அந்தப் படத்தை வரிவரியாக அவர் பிரித்துச் சொல்ல ஒரு தடம் இருந்திருந்தால், தினமும் ராத்திரி அதைத்தான் போட்டுக்கொண்டு படுப்பேன். 2013-ல் அவர் போய்விட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் தாங்கவில்லை. நம் தமிழ்ப் படங்களுக்கு இப்படிப்பட்ட தடம் அபூர்வத்திலும் அபூர்வம்.

போன மாதம் மறுபடி 'தேவர் மகன்' போட்டேன், இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு. சிறந்த ஒலிப்பதிவுக்கு என். பாண்டுரங்கன் தேசிய விருது வாங்கிய படம் அது. இருட்டில் கேட்டால்தான் தெரிகிறது அந்த வீட்டின் விசாலம்; பெரிய தேவராக வரும் சிவாஜியின் குரல் எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறது என்பதுவரை காதில் விழுகிறது. புது மனைவியாக ரேவதி தயங்கித் தயங்கிப் பாட ஆரம்பிக்கும் இடத்தில், எஸ். ஜானகியின் குரலில் இருக்கும் கூச்சத்தைக் கேட்டு எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குரலுக்கும் அந்த வருடம் தேசிய விருது கிடைத்தது. கூட்டம் வரும் இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்தேன். மூன்றாவது வரிசை. வெள்ளைத் துண்டுக்குப் பின்னால். முழங்கை அங்கேயே இருந்தது. சொல்ல மாமா இல்லை.

அதனால் கேட்கிறேன். இயக்குநர்களே, ஒளிப்பதிவாளர்களே, ஒலிப்பதிவுக்காரர்களே, உங்கள் படங்களைப் போட்டுவிட்டு ஒரு முறை மைக் முன்னால் பேசிவிடுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் எடுத்த படங்களில் கூட்டத்தில் நின்றவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பொள்ளாச்சியோ கோபியோ எந்த ஊராக இருந்தாலும் சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் படத்தைப் போடுங்கள். ஃபோனில் ரெக்கார்டரை அமுக்கிவிட்டு, "நீங்க எங்க நின்னீங்க?" என்று மட்டும் கேளுங்கள்.