ரெம்பிராண்ட்: தூரிகை ஏந்திய திருமறை விளக்கவுரையாளர்

திருமறைக்கு விளக்கவுரை தந்தோர் யாவர் என வினவினால், லூத்தர், கால்வின் முதலியோரின் பெயர்களையே நாம் கூறுவோம். ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்டையும் (1606–1669) அவ்வரிசையில் சேர்க்க வேண்டும் என்பது நம் துணிபு. அவருடைய ஓவியங்களுள் பெரும்பாலானவற்றை நாம் அச்சுப்படிகளிலேயே கண்டுள்ளோம். எனினும், பிரசங்க ஆயத்தத்தில் உரைநூல்கள் தராத தெளிவை அவை பன்முறை நமக்குத் தந்துள்ளன.

லைடன் நகரில் மாவாலைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், ஆம்ஸ்டர்டாமில் புகழும் பொருளும் பெற்றார். 1634இல் சஸ்கியாவை மணந்தார். நான்கு பிள்ளைகளுள் மூவர் சிசுப்பருவத்திலேயே மரித்தனர். 1642இல் சஸ்கியாவும் மறைந்தார். 13,000 கில்டருக்கு வாங்கிய வீட்டின் கடன் அவரை விடாது தொடர்ந்தது. 1656இல் கடனிறுக்க இயலாதவரானார். உடைமைகள் ஏலத்தில் போயின.

அந்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபை ஆலயங்களில் திருவுருவங்களுக்கு இடமளிக்கவில்லை. ஆகவே திருமறை ஓவியம் பீடத்தை விட்டு வீட்டிற்கு வந்தது. வணங்குவதற்கன்று, வாசிப்பதற்குரிய ஓவியமாக அது மாறிற்று. இம்மாற்றத்தை ரெம்பிராண்டைப் போல நன்கு பயன்படுத்தியோர் சிலரே.

1649ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்ற ‘நூறு கில்டர் படம்’ என்னும் செதுக்கோவியத்தைக் காண்க. மத்தேயு 19ஆம் அதிகாரம் முழுவதும் ஒரே தகட்டில் அடங்கியுள்ளது. வலப்புறத்து இருளிலிருந்து பிணியாளர் வருகின்றனர், குழந்தையை ஏந்திய தாயைப் பேதுரு தடுக்கிறார், பரிசேயர் வாதிடுகின்றனர், செல்வனான வாலிபன் முகத்தைக் கையில் தாங்கி அமர்ந்திருக்கிறான். நாம் தனித்தனிப் பிரசங்கங்களாகப் பிரித்துவிடும் பகுதிகளை, கிறிஸ்துவின் திருமுன் நிற்கும் ஒரே கூட்டமாக அவர் காட்டுகிறார்.

இத்தகையவரின் வாழ்வு மாசற்றதன்று. சஸ்கியாவின் மறைவுக்குப் பின் அவர் இல்லத்திலிருந்த கீர்த்யே என்னும் பெண், அவர் திருமண வாக்கை மீறினார் என 1649இல் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு அப்பெண் கோடா நகரத்துச் சீர்திருத்த இல்லத்தில் அடைக்கப்பட்டார். அதற்கு ரெம்பிராண்ட் துணைநின்றார். 1655இல்தான் அவருக்கு விடுதலை கிட்டியது. இக்கொடுமையை அவருடைய கலையின் பெயரால் மறைத்தல் தகாது. பின்னர் ஹெண்ட்ரிக்யே என்பவர் அவரோடு மணமின்றி வாழ்ந்தார். 1654இல் சபை மூப்பர் சங்கம் அவரை விசாரித்துத் திருவிருந்திலிருந்து விலக்கிற்று. தண்டனை பெற்றவர் கருவுற்றிருந்த அப்பெண்ணே, ஓவியர் அல்லர்.

இத்தகையவரிடம் நற்செய்தியைக் கற்கலாமா? அவரே தம்மைப் பரிசுத்தவான்களின் வரிசையில் நிறுத்தவில்லை என்பதே நம் மறுமொழி. 1633ஆம் ஆண்டளவில் தீட்டிய ‘சிலுவை உயர்த்தப்படுதல்’ ஓவியத்தில், சிலுவையைத் தூக்குவோருள் ஒருவனுக்குத் தம் முகத்தையே கொடுத்தார்.

இறுதி ஆண்டுகளில் வரைந்த ‘கெட்ட குமாரன் திரும்பி வருதல்’, இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. மழித்த தலை, தேய்ந்த காலணி, வெறும் உள்ளங்கால் ஆகியவை மகனின் பயணத்தைச் சொல்லிவிடுகின்றன. பார்வை மங்கிய தகப்பன் தன் இரு கைகளாலும் அவனைத் தடவி அறிகிறான். வலப்புறம் செவ்வாடையணிந்து, கோலைப் பற்றி, விறைப்பாக நிற்பவனை மூத்த குமாரன் என்றே பலரும் கொள்வர். லூக்கா 15ஆம் அதிகாரத்தின்படி அவ்வேளையில் அவன் வயலில் இருந்தான். ரெம்பிராண்ட் அவனைத் தகப்பனின் அருகே கொண்டுவருகிறார். இது பிழையன்று, விளக்கவுரை. உவமை அவனுக்காகவும் சொல்லப்பட்டதன்றோ?

ஆயர் பணியில் உள்ள நாம் பெரும்பாலும் நிற்பது அம்மூத்தவனின் இடத்திலேயே. சபை ஒழுங்கு வேண்டாததன்று. ஆனால் எளியவர்மீது மட்டும் விழும் ஒழுங்கு, தகப்பனுடைய வீட்டின் ஒழுங்காகாது. அவ்வோவியத்தில் ஒளி மூத்தவன் முகத்திலும் விழுகிறது; அவன்தான் இன்னும் அசையவில்லை. லூக்கா 15ஐப் பிரசங்கிக்குமுன் இறையியல் மாணவர் இவ்வோவியத்தின் முன் சற்று அமர்ந்திருப்பாராக. தாம் எவ்விடத்தில் நிற்கிறோம் என்பதை அறிந்தபின் பிரசங்க பீடத்தில் ஏறுவாராக.