பெயர் சொல்லாத சில்லுகள்

மேசைக் கணினியில் ஒரு யுஎஸ்பி கருவியைச் செருகினால், அது தன் பெயரையும் குலத்தையும் தானே சொல்லிவிடும். கைப்பேசிக்குள் இருக்கும் பெரும்பாலான சில்லுகளுக்கு அந்த வழக்கம் இல்லை. தொடுதிரை எந்த முகவரியில் இருக்கிறது, அதற்கு எத்தனை வோல்ட் வேண்டும், எந்தக் கடிகாரத் துடிப்பில் ஓடும் என்பதையெல்லாம் யாராவது இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்த எழுத்துக்குப் பெயர் டிவைஸ் ட்ரீ. பழைய போனில் லினக்ஸைக் குடியேற்றும் கலையின் அழகு, இந்த விவரிப்பின் நேர்மையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

2013-இல் வந்த நெக்ஸஸ் 5 இதற்கு நல்ல சாட்சி. ஸ்னாப்டிராகன் 800, 2 ஜிபி ராம், தயாரிப்பாளர்கள் நிறையத் திருத்திய 3.4 கெர்னல். ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு அதற்கு அதிகாரபூர்வமாக அடுத்த பதிப்பு வரவில்லை. தயாரிப்பாளர் திருத்தங்கள் இல்லாத இன்றைய மூல லினக்ஸ் கெர்னலை இத்தகைய போனில் முதன்முதலாக ஏற்றுபவர் சந்திக்கும் ஒரு காட்சி உண்டு. பூட்லோடர் ஏற்றிவைத்த திரையில் வரிகள் ஓடும். திடீரென்று எல்லாம் இருண்டுவிடும். கெர்னல் செத்துவிட்டதென்றே தோன்றும். ஆனால் இந்தப் போனின் ஹெட்போன் துளைக்குள் ஒரு சீரியல் கன்சோல் ஒளிந்திருக்கிறது. மைக் கம்பியில் உரிய மின்னழுத்தம் வந்தால் ஒலிக்குப் பதில் கெர்னலின் செய்திகள் வெளிவரும். அவற்றைப் படித்தால் கெர்னல் நலமாக ஓடிக்கொண்டிருப்பது தெரியும். பூட் முடியும் தறுவாயில், யாரும் உரிமை கோராத கடிகாரங்களை அது அணைத்திருக்கிறது. திரைக்கும் ஒரு கடிகாரம் வேண்டும் என்று டிவைஸ் ட்ரீயில் எழுதப்படவில்லை. கெர்னல் தன் கடமையைச் செய்தது, பிழை விவரிப்பில் இருந்தது.

உரிமை கோராத கடிகாரங்களை அணைக்காதே என்று சொல்லும் 'clk_ignore_unused' என்பதைப் பூட் வரியில் சேர்த்தால் திரை அணையாதே, பிறகென்ன ஆராய்ச்சி என்று கேட்கலாம். நோய் எங்கே என்று காட்ட அது உதவும். அதையே மருந்தாக்கினால் தேவையற்ற கடிகாரங்களும் ஓடிக்கொண்டே இருந்து பேட்டரியைத் தின்னும். மோடத்தின் ஃபர்ம்வேர் மூடியே கிடக்கும்போது இந்த நேர்மை அரைகுறைதானே என்பது கனமான ஆட்சேபம். அந்தக் கதவு திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் அறிந்தது எதுவரை, அறியாதது எங்கிருந்து என்று கோடு போட்டுக் காட்டுவதும் நேர்மையின் பகுதியே. மலிவு விலையில் புதுப் போன் கிடைக்கையில் இத்தனை உழைப்பு எதற்கு என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு: நெக்ஸஸ் 5-இன் விவரிப்பு இன்று மூல கெர்னலுக்குள்ளேயே இடம்பெற்றிருக்கிறது. அதே சில்லு உள்ள வேறு போன்களுக்கு உழைப்பவர்களும் அங்கிருந்து தொடங்கலாம்.

தேர்ந்த கையின் அடையாளம், கடைசியில் எடுத்துவிடும் சொல்லில் தெரியும். விடுபட்ட கடிகாரத்தை உரிய இடத்தில் எழுதி, பூட் வரியிலிருந்து அந்த ஊன்றுகோலை நீக்கிய பிறகும் திரை அணையாமல் நிற்கும்போது, அதுவரை பெயர் சொல்லாதிருந்த சில்லைப் பற்றி ஒரு உண்மை எழுத்தில் ஏறியிருக்கிறது.