முப்பது வீதமும் வெளியேறும் உரிமையும்

சென்ற கோடை விடுமுறையில் என் மகள் தன்னுடைய கணினியில் ஒரு விளையாட்டைப் போட்டுக் காட்டினாள். 'வெண்பா' என்று பெயர். எண்பதுகளின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு கணவன் மனைவி, அங்கு பிறந்து தமிழிலிருந்து மெல்ல விலகிப்போகும் மகன், ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய சமையற் கொப்பி. கொப்பியில் அழிந்துபோன இடங்களை ஊகித்து இட்லியும் புட்டும் செய்து முடிப்பதே விளையாடுபவரின் வேலை. ரொறொன்ரோவில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு இதைச் செய்து 2023 யூலை இறுதியில் வெளியிட்டது. 2024 இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு முதற் படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது. கணினி விளையாட்டு என்றாலே வெடிச்சத்தம் என்று நினைத்திருந்த எனக்கு இது பெரும் வியப்பு.

"விளையாடி முடிஞ்சால் லண்டனிலை இருக்கிற மச்சாளுக்குக் குடன் பிள்ளை, அவளும் பாக்கட்டும்" என்றேன்.

"குடுக்கேலாது அப்பா. இது என்ரை கணக்கிலை கிடக்கிற சாமான். அவளுக்கு வேணுமெண்டால் அவள் காசு குடுத்து வாங்கவேணும்."

"அப்ப நீ வாங்கினது என்ன?"

அவளிடம் மறுமொழி இல்லை. யாழ்ப்பாணத்தில் சில வருடங்கள் பொருளியல் படிப்பித்து, இப்போது பரிஸ் புறநகரொன்றில் இரவு வேலையில் பெட்டி அடைக்கும் எனக்கு அந்தக் கேள்வி பல இரவுகள் வேலைக்குத் துணையாக வந்தது. அதன் விளைவே இக்கட்டுரை. இது சிறுபிள்ளைகளின் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்ட நினைக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: சற்றுப் பொறுங்கள். நாளை எமது புத்தகங்களும் பாட்டுக்களும் படங்களும் எந்த நிபந்தனையில் எம்மிடம் இருக்கப்போகின்றன என்பதற்கான ஒத்திகை இங்கேதான் நடந்து முடிந்திருக்கிறது.

1

மைக்ரோசொஃப்டில் வேலை செய்த கேப் நியூவெல், மைக் ஹரிங்டன் என்ற இருவர் 1996 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 'வால்வ்' என்ற விளையாட்டுக் கொம்பனியைத் தொடங்கினர். அது 2003 செப்ரெம்பரில் 'ஸ்டீம்' என்ற இணையக் கடையைத் திறந்தது. ஆரம்பத்தில் அதைப் பலர் வெறுத்தார்கள். 2004 இல் வெளியான 'ஹாஃப் லைஃப் 2' என்ற விளையாட்டைத் தட்டாகக் கடையில் வாங்கியவரும் ஸ்டீமில் கணக்குத் திறக்காமல் விளையாட முடியாது என்பது அன்று பெரும் சர்ச்சை. இன்று அதுவே இயல்பாகிவிட்டது. 2024 இல் மட்டும் 18,000க்கு மேற்பட்ட விளையாட்டுக்கள் ஸ்டீமில் வெளியாகின. 2025 இல் ஒரே நேரத்தில் அதில் நுழைந்திருந்தோர் தொகை 4 கோடியைத் தாண்டியது.

ஸ்டீமில் வாங்குவோர் பெறுவது ஓர் அனுமதிப்பத்திரம் மாத்திரமே. அந்தக் கணக்கை விற்கவோ கைமாற்றவோ ஒப்பந்தம் இடந்தரவில்லை. ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தினர் தமக்குள் பகிர்ந்து விளையாட வழியுண்டு. லண்டன் மச்சாளுக்கு வழியில்லை. நிலைமை இருபது வருடங்களாக இதுதான். எனினும் 'வாங்கு' என்ற பொத்தானுக்கு அருகே, நீங்கள் பெறுவது அனுமதி மட்டுமே என்ற வாசகம் 2024 ஒக்ரோபரில்தான் வந்தது. கலிபோர்னியா மாநிலம் அதற்கு முந்திய மாதம் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, 2025 ஜனவரியிலிருந்து இந்த உண்மையைச் சொல்லாமல் விற்கக்கூடாது என்று விதித்திருந்தது!

இங்கு பிரான்சிலும் இது நீதிமன்றம் சென்றது. 'கே ஷுவாசிர்' என்ற நுகர்வோர் சங்கம் 2015 இல் வால்வ்மீது வழக்குத் தொடுத்தது. வாங்கிய விளையாட்டை மறுவிற்பனை செய்வதைத் தடுக்கும் விதி செல்லாது என்று 2019 செப்ரெம்பரில் பரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. 2024 இல் உச்ச மேன்முறை மன்றமும் அந்தப் புரட்டலை உறுதிசெய்தது. காரணம் சுவையானது. வெறும் கணினி மென்பொருளின் பிரதியை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012 இல் கூறியிருந்தது. விளையாட்டோ இசையும் சித்திரமும் கதையும் கலந்த படைப்பு, ஆகவே அந்த விதி இதற்குப் பொருந்தாது என்பது பிரெஞ்சு நீதிபதிகளின் வாதம். அதாவது, ஒரு பொருள் கலையாக இருப்பதாலேயே அதை உங்கள் நண்பருக்குக் கைமாற்ற முடியாது!

2

இனி, செய்பவரின் பக்கம். விற்பனையில் ஸ்டீம் எடுப்பது நூற்றுக்கு 30 வீதம். 15 டொலர் விளையாட்டில் நாலரை டொலர். கடையில் பொருளை வைப்பதற்கு விளையாட்டொன்றுக்கு 100 டொலர் கட்டவேண்டும். 1,000 டொலர் வருமானம் வந்தபின் அது திரும்பிவரும்.

முப்பது வீதம் அதிகம் என்று மட்டும் கூச்சலிடுவது நேர்மையல்ல. எமது சிற்றிதழ்களை லா சப்பல் கடைகளில் வைத்தவர்களுக்குத் தெரியும். கடைக்காரர் தன் பங்கை எடுத்த பின்னரே மிச்சம் எமக்கு. ஸ்டீம் தன் பங்குக்குக் காசு அறவிடுகிறது, கோப்பைச் சேமித்து உலகெங்கும் அனுப்புகிறது, விமர்சனத்துக்கு இடம் தருகிறது. விளையாட்டின் திறவுகோல்களைத் தயாரிப்பாளர் இலவசமாகப் பெற்று வேறிடத்தில் விற்றால் அதில் பங்கு கேட்பதில்லை. இவை சிறிய சேவைகள் அல்ல.

இரண்டு இடங்களில்தான் இடறுகிறது. முதலாவது, யாரிடம் எவ்வளவு எடுப்பது என்பது. 2018 இறுதியில் வால்வ் தன் பங்கைக் குறைத்தது. யாருக்கு? ஒரு கோடி டொலருக்கு மேல் விற்பவருக்கு, அத்தொகைக்கு மேற்பட்ட விற்பனையில் 25 வீதம். 5 கோடி டொலருக்கு மேலானால் 20 வீதம். மூன்று பேர் கூடி ஓர் அறைக்குள் செய்யும் விளையாட்டுக்கு 30 வீதம் அப்படியே இருந்தது. வருமான வரியைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படியிருக்குமோ அப்படி. அப்பிள் கொம்பனியைக் கருணையின் வடிவம் என்று எவரும் சொல்லமாட்டார்கள்; அதுகூட 2021 இல் வருடம் 10 இலட்சம் டொலருக்குக் குறைவாக உழைப்பவரின் பங்கை 15 வீதமாகக் குறைத்தது.

இரண்டாவது, விலை. எமது இதழைக் கடையில் ஐந்து யூரோவுக்கு வைத்துவிட்டுக் கூட்டத்தில் மூன்று யூரோவுக்குக் கையிலே கொடுத்தால் கடைக்காரர் முகத்தைச் சுழிக்கலாம், தடுக்கமுடியாது. வேறு கடையில், ஸ்டீமின் திறவுகோல் இல்லாமலே, மலிவாக விற்பதையும் வால்வ் தடுக்கிறது என்பதுதான் 'வுல்ஃபயர்' என்ற சிறு தயாரிப்பு நிறுவனம் 2021 இல் அமெரிக்காவில் தொடுத்த வழக்கின் சாரம். வால்வ் இதை மறுக்கிறது. 2024 நவம்பரில் நீதிமன்றம் இதை மற்றைய தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான கூட்டு வழக்காக ஏற்றது. அதே வருடம் பிரித்தானியாவில், விளையாடுவோர் சார்பில், சுமார் 65 கோடிப் பவுண் இழப்பீடு கோரி இன்னொரு வழக்கும் பதிவானது. குற்றச்சாட்டு உண்மையானால் அதன் பொருள் தெளிவு: 12 வீதம் எடுக்கும் கடை வந்தாலும் வாங்குபவருக்கு விலை குறையாது. போட்டி இருக்கும், போட்டியின் பலன் இராது.

12 வீதக் கடை வந்தும் இருக்கிறது. 2018 டிசெம்பரில் 'எபிக்' கொம்பனி திறந்த கடை அது. பலர் அதை விடுதலை வீரனாகக் கொண்டாடினார்கள். ஆனால் எபிக் செய்தது என்ன? குறிப்பிட்ட விளையாட்டுக்கள் ஒரு வருடம் தன்னிடம் மட்டுமே விற்கப்படவேண்டும் என்று பணம் கொடுத்து வாங்கியது. அதே எபிக், சிறுவர்களின் தனியுரிமையை மீறியதற்கும், விளையாடுவோரை ஏமாற்றிக் காசு செலவழிக்கவைத்ததற்கும் 2022 டிசெம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 52 கோடி டொலருக்கு இணக்கம் கண்டது. இரண்டு நிலவுடைமையாளர் வேலிக்குச் சண்டைபிடித்தால் குத்தகைக்காரன் யார் பக்கம் நிற்பது?

3

விளையாடுபவரும் செய்பவரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள் என்று எழுதிவிட்டால் கட்டுரை இலகுவாக முடிந்துவிடும். உண்மை அப்படியில்லை.

பழுதான பொருளுக்கும் பணம் திரும்பாது என்ற நிலைக்கு எதிராக அவுஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2014 இல் வால்வ்மீது வழக்குத் தொடுத்தது. 2016 இல் வால்வ் தோற்று, 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. இடையில் 2015 யூனில், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற விதியை ஸ்டீம் கொண்டுவந்தது. விளையாடுவோருக்கு இது பெரிய வெற்றி. ஆனால் 'வெண்பா' போன்ற ஒரு படைப்பை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடலாம். முடித்துவிட்டு, நெகிழ்ந்தும்விட்டு, காசையும் திரும்பப் பெறலாம்! 2021 இல் 'எமிக்கா கேம்ஸ்' என்ற பெயரில் தனியாளாக இயங்கிய ஒருவர், தன் குறும்படைப்பைப் பெருந்தொகையானோர் இப்படித் திருப்பிவிட்டதாகக் கூறித் தொழிலிலிருந்து விலகினார். மறுவிற்பனையும் இதுபோன்றதே. பழைய புத்தகம் கசங்கும், மஞ்சளாகும். பழைய கோப்பு கசங்காது. கட்டற்ற மறுவிற்பனை வந்தால் முதலில் அடிபடுவது பெரிய கொம்பனி அல்ல, சிறிய குழு.

ஆகவே நியாயம் என்பது இரண்டு நியாயங்களுக்கிடையிலான இணக்கம். எனது முறைப்பாடு, அந்த இணக்கத்தை யார் தீர்மானிப்பது என்பதில் இருக்கிறது. விளையாடுபவருக்கு அங்கு வாக்கில்லை, செய்பவருக்கும் இல்லை. விதியைக் கடைக்காரர் எழுதுகிறார், அவரே மாற்றுகிறார். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்பது 2025 யூலையில் தெரிந்தது. காசு பரிமாறும் நிறுவனங்களின் நெருக்குதலுக்குப் பணிந்து ஸ்டீம் வயதுவந்தோருக்கான பல விளையாட்டுக்களை அகற்றியது. 'இட்ச்' என்ற சிறு கடை அவ்வகையானவற்றை ஒட்டுமொத்தமாகத் தேடலிலிருந்து மறைத்தது. அகற்றப்பட்டவற்றை நான் ஆதரிக்கவேண்டியதில்லை. தணிக்கையை அனுபவித்த எமக்கு, எதை வெளியிடலாம் என்பதை வங்கி அட்டை தீர்மானிப்பது உறைக்காமல் போனால் அதுதான் ஆச்சரியம்.

4

இவ்விடத்தில் யானிஸ் வரூஃபாக்கிஸை நினைவுகூராமல் இருக்கமுடியாது. 2015 இல் கிரேக்க நிதியமைச்சராக ஐரோப்பிய வங்கிகளோடு மல்லுக்கட்டியவர் என்றே நண்பர்கள் அவரை அறிவர். அதற்கு முன், 2012 இல், அவர் வால்வ் கொம்பனியின் பொருளியலாளராக வேலைசெய்தார். 2023 இல் அவர் எழுதிய 'தொழில்நுட்ப நிலப்பிரபுத்துவம்' என்ற நூல், முதலாளித்துவம் முடிந்துவிட்டது, இலாபத்தின் இடத்தை வாடகை பிடித்துக்கொண்டது என்று வாதிடுகிறது.

வாடகை என்பதில் அவரோடு உடன்படுகிறேன். றிக்கார்டோ 1817 இல் நிலவாடகை பற்றி எழுதியதை வகுப்பில் வருடாவருடம் ஒப்பித்தவன் நான். முப்பது வீதத்தைப் பார்த்தவுடன் பழைய நண்பனைத் தெருவில் கண்டதுபோல இருந்தது. ஆனால் நிலப்பிரபுத்துவம் என்ற சொல் இரு வகையில் பொருந்தவில்லை. ஒன்று, பண்ணையாளைக் கட்டிவைத்தது வாளும் வழமையும். ஸ்டீமில் நுழைந்தவர் விரும்பியே நுழைந்தார். எந்த நாளும் வெளியேறலாம், சேர்த்ததை எடுத்துச்செல்ல மட்டும் முடியாது. இரண்டு, குத்தகைக்காரனுக்காவது உரிமை வந்தது. இலங்கையில் 1958 இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் எத்தனையோ ஓட்டைகள் உடையது. ஆயினும் பங்குக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும், குத்தகை உரிமை பிள்ளைக்கும் செல்லவேண்டும் என்ற இரு கொள்கைகளை அது ஏட்டில் ஏற்றியது. ஸ்டீமில் இன்று அந்த இரண்டும் இல்லை. நான் இறந்தால் என் அலுமாரிப் புத்தகங்கள் மகளுக்கு. மகளின் கணக்கோ ஒப்பந்தப்படி எவருக்கும் போகாது.

'நிலப்பிரபுத்துவம்' என்று பெயர்சூட்டிவிட்டால் ஒரு யுகமாற்றத்துக்காகக் காத்திருக்கத் தோன்றும். சாதாரண ஏகபோகம் என்று பார்த்தால் செய்யவேண்டியது தெரிகிறது. மேலே எழுதியவற்றைத் திரும்பப் பாருங்கள். அனுமதிப்பத்திரம் என்ற உண்மையைச் சொல்லவைத்தது ஒரு சட்டம். பணம் திருப்ப மறுத்ததற்குத் தண்டம் விதித்தது ஒரு நீதிமன்றம். கிழக்கு ஐரோப்பாவில் வாங்கிய விளையாட்டை மற்ற நாடுகளில் இயங்காமல் பூட்டியதற்காக 2021 இல் வால்வ்மீதும் ஐந்து வெளியீட்டாளர்மீதும் 78 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது ஐரோப்பிய ஆணையம். 2014 இல் வெளியான 'த க்ரூ' விளையாட்டின் சேவையகத்தை யூபிசொஃப்ட் 2024 மார்ச்சில் நிறுத்தி, காசு கொடுத்தவர் கையில் வெறுமையை விட்டபோது, விளையாட்டுக்களைக் கொல்லாதே என்று இளைஞர்கள் இயக்கம் தொடங்கினர். ஐரோப்பிய ஆணையத்துக்கான அவர்களின் மனுவில் 2025 யூலைக்குள் பத்து இலட்சம் கையொப்பங்கள் சேர்ந்தன. எம் பிள்ளைகளில் சிலரும் அதில் கையொப்பமிட்டிருப்பார்கள், எமக்குச் சொல்லாமலே.

மாற்று வழி கற்பனையும் அல்ல. 2008 இல் போலந்தில் தொடங்கிய 'ஜி.ஓ.ஜி.' என்ற கடை பூட்டில்லாத பிரதியையே விற்கிறது. இறக்கிச் சேமித்துவைத்தால் கடை மூடினாலும் விளையாட்டு ஓடும். இட்ச் கடையில் எத்தனை வீதம் கடைக்கு என்பதைத் தயாரிப்பாளரே முடிவுசெய்கிறார். இரண்டும் சிறியவை. பெரியதால் முடியாதது எதையும் அவை செய்யவில்லை.

ஒரு கடை நியாயமானதா என்பதற்கு என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான். அதைவிட்டு வெளியேறும்போது, உழைத்து வாங்கியதையும் உழைத்துச் செய்ததையும் கையோடு எடுத்துச்செல்ல முடியுமா? விளையாடுபவர் வெறுங்கையோடு போகவேண்டும். செய்பவர் தன் வாசகரின் முகவரியைக்கூட எடுத்துச்செல்ல முடியாது. 30 வீதம் நாளை 12 ஆகலாம்; இந்த விடை மாறாதவரை நியாயம் வந்ததாகச் சொல்லமாட்டேன்.

மகளிடம் இதை வாசித்துக் காட்டினேன். "எல்லாம் சரி அப்பா, ஆனால் என்ரை சிநேகிதர் எல்லாரும் அங்கைதானே நிக்கினம்" என்றாள். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. நண்பர்கள் யாரிடமாவது இருந்தால் அடுத்த இதழில் எழுதவேண்டும்.