தட்டின் மேல் விழும் வெளிச்சம்

நியூயார்க்கின் சீக்ராம் கட்டடத்தில் 1959இல் தொடங்கிய ஃபோர் சீசன்ஸ் உணவகம் என்றதும் அதன் உள்ளரங்கை வடிவமைத்த ஃபிலிப் ஜான்சனைத்தான் பலரும் நினைப்பார்கள். ஒளியமைத்த ரிச்சர்ட் கெல்லியின் பெயர் அவ்வளவாக அடிபடுவதில்லை. 20 அடி உயரக் கூரையின் கீழ், நடுவில் பளிங்குக் குளம் இருந்த அந்தப் பெரிய கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது இதமாக இருந்ததில் அவருடைய பங்கு பெரிது.

வெளிச்சத்தைக் கெல்லி மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு பொருளின் மேல் குவிவது, அறை முழுக்கப் பரவுவது, மினுமினுப்பது. குவியும் ஒளி பார்வையை ஈர்க்கும். பரவும் ஒளி இடத்தின் அளவை உணர்த்தும். மினுமினுப்பு மனதுக்கு உற்சாகம் தரும். ஃபோர் சீசன்ஸின் உயரமான சன்னல்களில் திரைக்குப் பதில் மெல்லிய உலோகச் சங்கிலிகள் தொங்கின. காற்றுக் குழாய்களிலிருந்து வந்த காற்றில் அவை அலையலையாக நெளிய, ஒளியும் கூடவே நெளிந்தது. வடிவமைத்தவர்களே எதிர்பாராத அழகு அது. 1989இல் அந்த உள்ளரங்கு நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது.

பின்னால் வந்த ஆடம்பர உணவகங்கள் பலவும் இந்தப் பாடத்திலிருந்து மங்கலான வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. குவிவதும் மினுங்குவதும் இல்லாமல் எல்லா இடமும் ஒரே அளவு இருண்டிருந்தால் அங்கே சூழல் எதுவும் உருவாகாது. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு, இருபது வயதில் கிடைத்த ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. விலைப்பட்டியலைப் படிக்க அவர் செல்பேசி விளக்கைப் போட வேண்டியிருக்கிறது. அந்த ஒரு விளக்கு பக்கத்து மேசைகளின் இதத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது.

இன்னொரு குறை, மேசைக்கு நேர் மேலிருந்து விழும் ஒடுங்கிய ஒளி. தட்டு பளிச்சென்று தெரியும். எதிரே இருப்பவரின் கண்களுக்குக் கீழோ நிழல் படிந்து முகம் களைத்துத் தோன்றும். பெரிய குடும்பம் வந்து இரண்டு மேசைகளை ஒட்டிப்போட்டால் வெளிச்சம் இடுக்கில் விழும்! மேசை மேல் தாழ்வாக வைக்கிற, மின்கம்பி தேவைப்படாத சிறு விளக்குகள் இரண்டு சிக்கலையும் ஓரளவு தீர்க்கின்றன. நல்ல மாற்றம்.

எல்.இ.டி. வந்தபின் பிழைகள் நுட்பமாகிவிட்டன. பழைய குண்டு பல்பின் ஒளியைக் குறைத்தால் அது மெழுகுவர்த்தியின் செம்மஞ்சளை நோக்கிப் போகும். சாதாரண எல்.இ.டி.யில் நிறம் மாறாது, அளவு மட்டும் குறையும். அறை சாம்பல் பூத்துக் கிடக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று விளக்குப் பெட்டியில் போடும் எண்ணும் முழு உண்மையைச் சொல்வதில்லை. எட்டு வெளிர் நிறங்களின் சராசரி அது; அடர்சிவப்புக்கு அதில் இடமில்லை. தக்காளியும் இறைச்சியும் வெளிறித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மங்கலே தவறு என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானிய எழுத்தாளர் ஜுனிச்சிரோ தனிஸாகி 1933இல் நிழலைப் போற்றி எழுதிய கட்டுரையில், கியோட்டோ உணவகம் ஒன்றின் மெழுகுவர்த்தி ஒளியில் அரக்குப் பாத்திரங்கள் பெற்ற ஆழத்தைச் சொல்கிறார். அந்தப் பாத்திரங்கள் இருளுக்கென்றே உருவானவை. அதே இருளில் கறுப்புச் சுவரையும் பளபளக்கும் வெள்ளைப் பீங்கானையும் சேர்த்தால் கண் கூசும்.

பராமரிப்பைப் பற்றித்தான் யாரும் கவலைப்படுவதில்லை. திறப்பு விழா முடிந்ததும் வடிவமைப்பாளர் போய்விடுகிறார். பழுதான பல்புக்குப் பதில் கடையில் கிடைத்தது ஏறுகிறது. ஒரே வரிசையில் ஒன்று மஞ்சளாகவும் அடுத்தது நீலம் பாய்ந்த வெள்ளையாகவும் எரிகின்றன. விளக்கின் நிறம், கோணம், மாலையில் எந்த நேரத்தில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற குறிப்பு ஆகியவற்றை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி, உணவக மேலாளரின் கையில் கொடுத்துவிட்டுத்தான் வடிவமைப்பாளர் விடைபெற வேண்டும்.